சீப்பின் மேல் போட்ட பழி

என்னை இடுப்பில் சுமந்து வளர்த்த என் பிலோமி அக்காவுக்கு,

நீ போய் வருஷம் திரும்பிவிட்டது. வருஷப் பூசைக்கு ஒரு நினைவு அட்டை அடித்துவிடலாம் என்றார் உன் வீட்டுக்காரர், மாமா. மேலே சிலுவை, நடுவில் உன் படம், கீழே 'பிரிவால் வாடும்' என்று எங்கள் எல்லோர் பெயரும். அச்சகக்காரர் வார்த்தைகளைக்கூடத் தயாராக வைத்திருந்தார். பெயரைச் சொன்னால் போதும். நான் வேண்டாம் என்றேன். ஏனென்றால் நான் வாடவில்லை அக்கா. கோபமாக இருக்கிறேன். உன் மேல்தான்.

செத்தவர்கள் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். உயிரோடு இருந்தபோது நீ எங்கே கோபப்பட விட்டாய்? நான் வாயைத் திறந்தாலே "சண்டை வாணாம்பா" என்பாய். அந்த ஒரு வார்த்தையை வைத்தே காலம் முழுக்க என்னை அடைத்து வைத்தாய். இப்போது அடைக்க முடியாது. அதனால் எழுதுகிறேன். இதை அச்சடித்து, பூசை முடிந்து வருகிறவர்கள் கையில் கொடுக்கப் போகிறேன். உன் தெருப் பெண்கள் படிக்கட்டும். அவர்கள் வீட்டு மருமகள்கள் இரண்டு தடவை படிக்கட்டும்.

முதலில் நல்ல சேதி. உன் மகள் ரீத்தாவுக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. உன் மூக்கு. பால் குடித்துவிட்டு உன்னைப் போலவே ஏப்பம் விடுகிறான். பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவளைப் பார்த்துக்கொள்ளத் தாய் இல்லையே என்று, என் வீட்டுக்காரி விக்டோரியா வில்லியனூரிலிருந்து போய் உன் வீட்டிலேயே தங்கி, பத்தியம் பார்த்து, குளிப்பாட்டிவிட்டுத்தான் திரும்பினாள். அதில் ஒரு குறையும் வைக்கவில்லை.

கெட்ட சேதி, அதன் பிறகு நடந்தது.

என் ஃபேன்சி ஸ்டோருக்குச் சரக்கு எடுக்கக் கடலூர் போனவன், திரும்பும்போது கிருமாம்பாக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, குழந்தையைப் பார்க்க உன் வீட்டுக்கு நடந்தேன். ரீத்தா தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாடி இது, களை எடுக்கப் போறவளாட்டம் தலையில துணி?"

"பச்சை உடம்பு மாமா. காத்து படக் கூடாது."

"புள்ள நாலாவது மாசத்துல கீறான். இன்னுமா பச்சை உடம்பு?"

அவள் பதில் சொல்வதற்குள் உன் பேரன் சொல்லிவிட்டான். துண்டின் நுனியைப் பிடித்து ஒரே இழுப்பு. இழுத்துவிட்டு அம்மா முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பின்னந்தலையில் தேங்காய் நார் உருண்டை மாதிரி ஒரு சிக்கு. மேலே எண்ணெய் ஊற்றி ஊற்றிப் பிசுக்கேறி, தூசு படிந்து, வாடை வேறு. அந்த உருண்டையை நான் இதற்கு முன்னால் ஒரே ஒரு தலையில் பார்த்திருக்கிறேன். யார் தலை என்று உனக்குத் தெரியும்.

"எப்போடி தலை சீவுன?"

"சீவல மாமா. கை வச்சாலே கொத்துக் கொத்தா வருது. சீப்பு வச்சா மிச்சமே இருக்காது. புள்ள பெத்தா ஒரு வருசம் சீப்பையே தொடாதேன்னு அம்மா சொல்லிச்சி."

"எந்த அம்மா?"

"எங்கம்மாதான். ஆஸ்பத்திரில படுத்துக்கினு இருந்தப்போ. என் கதி உனக்கு வாணாண்டி, முடி போச்சின்னா புருசன் வூட்ல மதிப்பு போச்சின்னு சொல்லிச்சி."

நான் என் அனுபவம் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன். கெஞ்சினேன். அதட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு உன் மகள் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு சொன்னாள்:

"நீ சீப்பு விக்கிறவன் மாமா. நீ அப்படித்தான் சொல்லுவ."

அக்கா, எனக்கு அப்படியே இருபது வருஷம் பின்னால் போனது. அதே வீடு. அதே வார்த்தை. அன்றைக்குச் சொன்னது உன் மாமியார். இன்றைக்கு உன் மகள்.

அந்தக் காலத்தை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். ஒதியம்பட்டில் எங்களுக்கு இருந்தது ஒரு கூரை. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். அக்காவைப் பாகூர்ப் பக்கம் கட்டிக் கொடுத்த பிறகு நான் ஒரு தகரப் பெட்டியை சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வில்லியனூர், பாகூர் ஊர்களையெல்லாம் சுற்றினேன். சீப்பு, ரிப்பன், கொண்டை ஊசி, ஊக்கு. விற்பது மட்டுமில்லை, வாங்கவும் செய்தேன். பெண்கள் தலை சீவும்போது சீப்பில் வரும் முடியை உருட்டிச் சேர்த்து வைத்திருப்பார்கள். அதை வாங்கிக்கொண்டு பதிலுக்கு ஒரு ரிப்பனோ ஊசியோ கொடுப்பேன். பின்னலில் சேர்க்கிற சவுரி முடி கட்டுகிறவர்களுக்கு அது போகும்.

ஆக, சீப்பும் என் சரக்கு, சீப்பில் வந்த முடியும் என் சரக்கு. இந்த இரண்டையும் கையில் பிடித்துப் பார்த்தவன் இந்த வட்டாரத்தில் என்னைவிட யார்? தினமும் சீவுகிறவள் வீட்டில் தினம் ஒரு சிட்டிகை முடி வரும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மட்டும் சீவுகிறவள் வீட்டில் அன்றைக்கு ஒரு கொத்தாக வரும். கொத்தைப் பார்த்து அவள் அலறுவாள். மாசக் கடைசியில் தராசில் போட்டால் இரண்டு வீட்டு முடியும் ஏறக்குறைய ஒரே எடைதான். விழ வேண்டியது விழுகிறது. சீப்பு அதை வெளியே கொண்டுவந்து காட்டுகிறது, அவ்வளவுதான். பழுத்த இலையைக் காற்று தள்ளுகிறது. காற்றா அதைப் பழுக்க வைத்தது?

இன்னொன்றும் கண்டேன். தானாகக் கழன்று வந்த முடியின் அடியில் ரவையைவிடச் சின்னதாக ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும். சிக்கில் மாட்டி, முரட்டுத்தனமாக இழுத்து ஒடித்த முடிக்கு அது இருக்காது. ஈரத் தலையை வறட்டு வறட்டென்று இழுக்கிறவள் வீட்டு முடியில் துண்டுதுண்டாக ஒடிந்ததுதான் அதிகம். அதற்குக் குற்றவாளி அவசரம், சீப்பு இல்லை.

பிள்ளை பெற்ற வீடு எது என்று எனக்கு யாரும் சொல்லவே வேண்டாம். குழந்தைக்கு மூன்று நாலு மாசம் ஆகும்போது அந்த வீட்டு முடி உருண்டை திடீரென்று பெருக்கும். அத்தனையிலும் வெள்ளைப் புள்ளி இருக்கும். அடுத்த வருஷம் போனால் பழைய அளவுக்கு இறங்கிவிடும். அந்தப் பெண்ணின் நெற்றியோரம் புது முடி புல் மாதிரி நிற்கும். 'குழந்தை முகம் பார்த்துச் சிரித்தால் தாய்க்கு முடி கொட்டும்' என்று ஊரில் ஒரு பேச்சு உண்டே, அதைச் சொன்னவளுக்குக் காரணம் தெரியாமல் இருக்கலாம். மாசம் சரியாகத் தெரிந்திருந்தது. அந்தப் பேச்சோடு நிறுத்தியிருக்கலாம். உன் மாமியார் நிறுத்தவில்லை.

ரீத்தா உன் மடியில் சிரிக்க ஆரம்பித்தாள். உனக்கு முடி கொட்டியது. சோற்றில் ஒரு முடி கிடந்ததாம். உன் மாமியார் சூசையம்மா சீப்பைப் பிடுங்கிக் கூரை எரவாணத்தில் செருகிவிட்டாள். நான் அந்தப் பக்கம் வியாபாரத்துக்கு வந்தபோது நீ முக்காடு போட்டுக்கொண்டு மாட்டுக்கொட்டகையில் சாணி அள்ளிக்கொண்டிருந்தாய். முக்காட்டை நான் விலக்கினேன். உருண்டை.

என் பெட்டியில் இருந்ததிலேயே உயர்ந்த சரக்கு ஒரு கொம்புச் சீப்பு. ஓரத்தில் ஒரு பல் பாதி ஒடிந்திருந்ததால் விலை போகாமல் கிடந்தது. அதை எடுத்து உன் கையில் கொடுத்தேன். எண்ணெய் தடவி, நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தெடு என்றேன். அதற்குள் அந்த அம்மா வந்துவிட்டாள்.

"வந்துட்டான்யா பொட்டிக்காரன்! கொட்டறது பத்தாதுன்னு வாரி எடுக்க ஆயுதம் வேற எடுத்துக்கினு வந்துட்டான்."

"அத்தை, அது கொட்டித்தான் தீரும். தானா திரும்ப மொளைக்கும். சீவாம வுட்டா சிக்கு புடிச்சி வெட்டித்தான் எடுக்கணும்."

"சாராயம் விக்கிறவன் குடின்னுதான் சொல்லுவான். சீப்பு விக்கிறவன் சீவுன்னுதான் சொல்லுவான். போடா!"

தெருவே கூடிவிட்டது. நான் விடவில்லை. "அத்தை, நான் கொட்டுன முடியையும்தான் வாங்கறேன். ஊரு தலையெல்லாம் கொட்டுனா எனக்குத்தான் லாபம். நீ சொல்றாப்ல சீப்புதான் முடியப் புடுங்குதுன்னா, நான் வூட்டுக்கு ரெண்டு சீப்பு சும்மாவே குடுத்துட்டுப் போயிருக்க மாட்டனா?"

இரண்டு பேர் வாய்விட்டுச் சிரித்தார்கள். அதுதான் வினை. அந்த அம்மா உன் கையிலிருந்த சீப்பைப் பிடுங்கி எருக்குழியில் எறிந்தாள். மாமா களத்திலிருந்து வந்தவர் ஒரு வார்த்தை பேசவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். நீ பேசினாயா? அம்மாவை இழந்து நிற்கிற பெண்ணுக்கு அன்றைக்கு இருந்த ஒரே ஆள் நான். நீ என்னிடம்தான் சொன்னாய்: "சண்டை வாணாம்பா. நீ போய்ட்டு வா."

நான் போனேன். அதன் பிறகு நடந்ததை வேறு வாய்தான் எனக்குச் சொன்னது. சிக்கு தோல்வரை ஏறி, பேன் பிடித்து, நீ தூங்க முடியாமல் தவித்தபோது, அந்த அம்மா அரிவாளால் உருண்டையைக் கழுத்தோரம் அறுத்து எடுத்தாளாம். கொட்டியது கொஞ்சம், அறுத்தது முக்கால்வாசி. அப்புறமும் பழி யார் மேல்? "தம்பி குடுத்த சீப்ப தொட்டா, அதான் இந்தக் கதி" என்றாளாம். ஒரே ஒரு தடவை கையில் பிடித்தாய். தலையில் வைக்கக்கூட விடவில்லை.

அந்த வருஷம்தான் எனக்குக் கல்யாணம். கோயிலில் உன்னைத் தேடித் தேடிப் பார்த்தேன். தாலி எடுத்துக் கொடுக்க வேண்டிய அக்கா, பூ வைக்க முடி இல்லை என்று வரவில்லை. விக்டோரியா கேட்டாள், "ஒங்க அக்காவுக்கு என்னைப் புடிக்கலியா?" என்று.

இத்தனையும்கூடப் பொறுத்திருப்பேன். பிறகு உன் தலையில் முடி முளைத்ததே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. எப்படியும் முளைக்கப் போகிற முடி. யார் என்ன செய்தாலும், செய்யாவிட்டாலும் முளைக்கிற முடி. அது நெற்றியோரம் எட்டிப் பார்த்ததும் உன் மாமியார் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனாள்: "பாத்தியா? சீப்ப நிறுத்தினேன், வளந்துடிச்சி!" சேவல் கூவித்தான் பொழுது விடிந்தது என்ற கதை. அதை நம்பி அந்தத் தெருவில் எத்தனை பச்சை உடம்புக்காரிகள் சீப்பை எடுத்து மறைத்தார்கள் தெரியுமா? எனக்குத் தெரியும். வியாபாரம் படுத்ததே, எனக்குத் தெரியாதா?

வியாபாரத்துக்காகத்தான் இப்படிப் பேசுகிறேன் என்று நினைக்கிறவர்களுக்கு இன்னொன்று. வில்லியனூரில் நான் ஃபேன்சி ஸ்டோர் வைத்த பிறகு, பட்டணத்திலிருந்து ஒரு சேல்ஸ்மேன் வந்தார். பளபளவென்று பிரஷ். "தினமும் நூறு தடவை இதால சீவுனா முடி காடு மாதிரி வளரும்னு சொல்லுங்க சார், பிச்சிக்கினு போகும்" என்றார். நான் சொன்னேன்: "வண்டி போறதால ரோட்டுல நெல்லு மொளைக்குமா சார்? முடி வளர்றது அடியில. பிரஷ் ஓடறது மேல. சிக்கு எடுக்கும், அழுக்கு போகும், எண்ணெய் பரவும். அதுக்கு மேல அது ஒண்ணும் பண்ணாது. அதச் சொல்லி வேணும்னா விக்கிறேன்." அவர் பெட்டியை மூடிக்கொண்டு எதிர்க் கடைக்குப் போனார். அங்கே நன்றாகவே விற்றது. சீப்பு முடியைத் தின்னும் என்பதும் பொய். சீப்பு முடியை வளர்க்கும் என்பதும் பொய். இரண்டு பொய்க்கும் வாடிக்கையாளர் உண்டு. உண்மைக்குத்தான் இல்லை.

நீயோ அதற்குப் பிறகு முடியை இழுத்து முடிந்து, கல் மாதிரி ஒரு கொண்டை போட்டுக்கொண்டாய். ஒரு முடி வெளியே தெரியக் கூடாது, ஒரு முடி கீழே விழக் கூடாது என்று. அந்த இறுக்கத்தில் உன் நெற்றி இரண்டு பக்கமும் ஏறிக்கொண்டே போனது. அதைப் பார்த்து நான் பதறினால், நீ "வயசாவுதுல்லபா" என்பாய். கொண்டையை யாரும் குற்றம் சொல்லவில்லை. கொண்டைதான் மாமியாருக்கு அடக்கமாகத் தெரிந்ததே! காமாலையில் நீ போனபோதும் அதே கொண்டையோடுதான் சவப்பெட்டியில் வைத்தார்கள். கொஞ்சம் தளர்த்திவிடுங்கள் என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

இதெல்லாம் உன் மாமியாரோடு போய்விட்டது என்று நினைத்திருந்தேன். அந்த அம்மா உனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். இனி யார் இருக்கிறார்கள் சீப்பைப் பிடுங்க? நீ இருந்திருக்கிறாய், அக்கா. சாகும்போது உன் மகளுக்கு நீ விட்டுவிட்டுப் போனது உன் நகை இல்லை. அந்த அம்மாவின் பயம். ரீத்தாவை அடுத்த மாசம் புருஷன் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அந்த உருண்டையோடு போனால் அங்கே என்ன நடக்கும்? யாராவது ஒருத்தி அரிவாள் எடுப்பாள். பிறகு ஒரு கொண்டை. பிறகு ஒரு முக்காடு. பிறகு எந்தக் கல்யாணத்துக்கும் போகாத ஒரு ஆயுசு. உயிரோடு இருக்கிற மாமியாரோடு நான் தெருவில் நின்று சண்டை போட்டவன். செத்துப்போன உன் வார்த்தையோடு எப்படிச் சண்டை போடுவது?

எனக்கு வழி தெரியவில்லை. வழியைக் காட்டியதும் நீதான். அதற்கும் சேர்த்துத்தான் இந்தக் கோபம்.

நீ போன பிறகு மாமா மாட்டை விற்றுவிட்டார். சும்மா கிடக்கிற கொட்டகையை இடித்து ஒரு குளியலறை கட்டிவிடலாம், பச்சைக் குழந்தையோடு அந்தப் பெண் எத்தனை நாள் கீற்று மறைவில் குளிப்பாள் என்று நான்தான் ஆள் கூட்டிக்கொண்டு வந்தேன். பின்பக்க மண் சுவரில் கடப்பாரை போட்டதும், விளக்கு வைக்கிற மாடம் போல ஒரு பொந்து பிளந்தது. முன்னால் ஒரு செங்கல், அதன் மேல் சாணி பூசி மூடியிருந்தது. இடித்தவர் கையை விட்டு எடுத்தார்.

"இன்னாபா அது, எலிக்கூடா?" என்று மாமா எட்டிப் பார்த்தார்.

எலிக்கூடு இல்லை. முடி உருண்டைகள். பெண்கள் சீப்பிலிருந்து எடுத்து விரலில் சுற்றி வைப்பார்களே, அதே சின்னச் சின்ன உருண்டைகள். பொந்து கொள்ளாமல் அடைத்து வைத்திருந்தது. அதன் நடுவில் ஒரு கொம்புச் சீப்பு. ஓரத்தில் ஒரு பல் பாதி ஒடிந்தது.

எருக்குழியில் இறங்கி நீ அதைத் தேடி எடுத்திருக்கிறாய்.

நான் அங்கேயே இடிந்த சுவர் மேல் உட்கார்ந்துவிட்டேன். வியாபாரி கை சும்மா இருக்குமா? ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே தள்ளி இருந்தவை கன்னங்கரேல். நடுவில் இருந்தவற்றில் ஒன்றிரண்டு வெள்ளை இழை. முன்னால் இருந்தவை பாதிக்குப் பாதி நரை. எல்லா முடியின் அடியிலும் அந்த வெள்ளைப் புள்ளி. ஒடிந்தது அநேகமாக இல்லை. நுனியிலிருந்து பொறுமையாக, நான் சொல்லிக் கொடுத்த மாதிரியே சீவியிருக்கிறாய். முதல் தரம் அக்கா. வியாபாரியாகச் சொல்கிறேன், நல்ல நீளம், முதல் தரம்.

மாமா மெதுவாகச் சொன்னார்: "எனக்குத் தெரியும்பா."

"இன்னா தெரியும்?"

"மாட்டுக்குத் தண்ணி காட்டப் போறேன்னு போவா. வரும்போது தலை படிஞ்சி இருக்கும். அவ வர்ற வரைக்கும் நான் எங்கம்மாவ வாசல்ல நிறுத்திப் பேச்சுக் குடுத்துக்கினு இருப்பேன்."

அக்கா, அந்த மனுஷரைக் கட்டிக்கொள்வதா, கையை ஓங்குவதா என்று எனக்குத் தெரியவில்லை. "தினம் தினம் அம்மாகிட்ட அவ்ளோ பேச்சு பேசுனியே மாமா, அதுல ஒரு வார்த்தை, 'அவ சீவிக்கட்டும் வுடு'ன்னு பேசக் கூடாதா?" என்று கேட்டேன். அவர் சார்பில் நீ பதில் சொல்வாய், எனக்குத் தெரியும். "சண்டை வாணாம்பா."

சரி. மாமியார் இருந்தவரை பயம். ஒப்புக்கொள்கிறேன். அந்த நரை முடி? அது அந்த அம்மா செத்த பிறகு விழுந்த முடி அக்கா. வீட்டில் உன்னைக் கேட்க ஆளே இல்லாத காலத்தில் நீ ஏன் மாட்டுக்கொட்டகைக்குப் போய்ச் சீவினாய்? யாருக்குப் பயந்து அந்தச் செங்கல்லை எடுத்து எடுத்து மூடினாய்? சீவினால் ஒன்றும் ஆகாது என்று உன் தலையே உனக்கு வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்ததே, அதை ஏன் உன் மகளிடம் சொல்லவில்லை? சொல்லாமல் விட்டிருந்தாலும் பரவாயில்லை. நேர்மாறாகச் சொல்லிவிட்டு ஏன் போனாய்? நீ தப்பித்த வழியைச் சொல்லிக் கொடுக்க வெட்கமா? அல்லது, கடைசிவரை அது திருட்டு என்றே நம்பிவிட்டாயா?

நான் அவ்வளவையும் ஒரு முறத்தில் அள்ளிப்போட்டு, நடுவில் சீப்பை வைத்து, ரீத்தாவின் முன்னால் கொண்டுபோய் வைத்தேன்.

"இன்னா மாமா இது?"

"உங்கம்மா சொன்ன பேச்சு இல்ல இது. உங்கம்மா செஞ்ச காரியம். எது வேணுமோ எடுத்துக்க."

அவள் ஒரு நரை உருண்டையை எடுத்து முகர்ந்தாள். உன் எண்ணெய் வாடை அதில் இன்னும் இருந்திருக்க வேண்டும். முகம் கோணியது. "அம்மா சீவிக்கினுதான் இருந்துச்சா?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். பிறகு குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டுத் துண்டை அவிழ்த்தாள்.

மறுநாள் விக்டோரியா வந்தாள். உள்ளே உட்காரலாம் என்றாள். ரீத்தா மாட்டேன் என்று வாசலில், தெரு பார்க்க, மணை போட்டு உட்கார்ந்தாள். எண்ணெயைத் தாராளமாக விட்டு, விரலால் பிரித்து, நுனியிலிருந்து உன் சீப்பால் விக்டோரியா எடுக்க ஆரம்பித்தாள். காலையில் உட்கார்ந்தவர்கள், பிள்ளைக்குப் பால் கொடுக்க மட்டும் நிறுத்தி, வெயில் சாயும்வரை எழுந்திருக்கவில்லை. மாசக்கணக்காகக் கழன்று உள்ளேயே சிக்கிக் கிடந்த முடியெல்லாம் கொத்துக் கொத்தாக வந்தது. எதிர்வீட்டுக்காரி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஐயோ, வாரிக்கினு போவுதே! நிறுத்துங்கமா! சூசையம்மா பெரியம்மா இருந்திருந்தா இத வுட்டுருக்குமா?"

"அந்தப் பெரியம்மா வுட்டிருந்தா எங்கம்மா தெருவுல சீவியிருக்கும்" என்றாள் உன் மகள். எழுந்திருக்கவில்லை. மடியில் விழுந்த ஒரு முடியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து என்னிடம் கேட்டாள், "மாமா, புள்ளி கீதா பாரு."

"கீது. அது எப்பவோ விழுந்ததுடி. இன்னிக்குத்தான் வெளிய வருது."

ஒரே ஒரு கட்டி மட்டும் பிரியவில்லை. காதுக்குப் பின்னால், நெல்லிக்காய் அளவு. அதைக் கத்திரிக்கோலால் எடுத்தோம். மீதி அவ்வளவும் தப்பியது. முன்னைவிட மெலிந்திருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் முதுகில் விழுகிறது. நெற்றியோரம் இப்போதே புல் எட்டிப் பார்க்கிறது. அதற்கு யாரும் பெயர் வாங்க வேண்டாம் என்று எதிர்வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டேன். சீப்பும் பெயர் வாங்க வேண்டாம், நானும் பெயர் வாங்க வேண்டாம். அது தானாக முளைக்கிறது.

வேலை முடிந்ததும் சீப்பை எங்கே வைப்பது என்று விக்டோரியா கேட்டாள். ரீத்தா எழுந்து, கூடத்துச் சுவரில், வருகிறவர்கள் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி, உன் படத்துக்குப் பக்கத்திலேயே ஒரு ஆணி அடித்து மாட்டினாள். புருஷன் வீட்டுக்குப் போகும்போது கழற்றி எடுத்துக்கொண்டு போவாளாம். அங்கேயும் கூடத்தில்தான் மாட்டுவாளாம்.

உன் முடியை என்ன செய்தேன் என்று கேட்கிறாயா? என் கைக்கு வந்த முடியில் விற்காதது அது ஒன்றுதான். ஒரு துணியில் முடிந்து கடையில் சாமி படத்துக்குக் கீழே வைத்திருக்கிறேன். வியாபாரம் இல்லாத மத்தியானத்தில் அதைப் பார்த்தால் மறுபடி கோபம் வருகிறது. இவ்வளவு முடி, அக்கா. ஒரு நாள்கூட அது அவிழ்ந்து தொங்கி நான் பார்க்கவில்லையே.

இதைக் கையில் வைத்துப் படிக்கிற பெண்களே, உங்கள் வீட்டுச் சுவரிலும் ஒரு பொந்து இருந்தால், நீங்களே அதை இடியுங்கள்.

அக்கா, உனக்கு ஒரு வாக்கு. வருகிற கல்லறைத் திருநாளுக்கு ரீத்தாவைக் கூட்டிக்கொண்டு வருவேன். முக்காடு இல்லாமல், தளர்வாகப் பின்னி, பூ வைத்து வருவாள். உன் முடி இருக்கிற அந்தத் துணி முடிச்சை உன் தலைமாட்டில் மண்ணைத் தோண்டி வைப்போம். எல்லோரும் பார்க்க, பட்டப்பகலில். அன்றைக்கும் உன்னை மன்னிப்பேன் என்று நான் சொல்லவில்லை. சண்டை இன்னும் பாக்கி இருக்கிறது. நான் அங்கே வந்து சேரும்போது கொண்டையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திரு. மீதியை நேரில் போட்டுக்கொள்வோம்.

உன்னோடு சண்டை போட உரிமையுள்ள ஒரே தம்பி,
சீப்பு விற்கிற சின்னப்பன்.